கல்லூரிக்குப் போனால் பல்கலைக்கழகம், பல்கலைக்கழகத்துக்குப் போனால் கல்லூரி: டிரான்ஸ்கிரிப்ட்டுக்கு யாரைப் பார்ப்பது?

கேள்வி: 2025 பிப்ரவரி 3, பிற்பகல்

1996 முதல் 1999 வரை மாவட்டத் தலைநகர் ஒன்றில் பி.எஸ்சி. கணிதம் படித்தேன். கனடாவில் குடியேற விண்ணப்பிக்கப் போகிறேன். என் படிப்பை அங்குள்ள நிறுவனம் மதிப்பிட வேண்டும், அதற்கு டிரான்ஸ்கிரிப்ட், அதாவது எல்லாப் பருவத்து மதிப்பெண்களையும் தொகுத்துத் தரும் சான்று, தேவை. கல்லூரிக்குப் போனேன். பல்கலைக்கழகத்தைப் பாருங்கள் என்றார்கள். பல்கலைக்கழகத்துக்குப் போனேன். எங்களிடம் இல்லை, கல்லூரியைக் கேளுங்கள் என்றார்கள். இரண்டு நாள் விடுப்பு வீணானது. இவர்கள் வேண்டுமென்றே அலைக்கழிக்கிறார்கள் என்பதுதான் என் முடிவு. வேறு யாருக்காவது வேறு அனுபவம் உண்டா?

பிப்ரவரி 3, இரவு

உண்டு. மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் 1987-ல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, 2023-ல் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். பாதிக்கு மேல் தேர்வுப் பிரிவில்தான் கழிந்தது. 'வேண்டுமென்றே' என்ற சொல்லை இப்போதைக்குத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் மதிப்பெண் பட்டியலை எடுத்து, மேல் வரியில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் போய் நின்றது அந்தப் பல்கலைக்கழகம்தானா?

ஏன் கேட்கிறேன் என்றால், நம் மாநிலத்தில் கல்லூரி இருந்த இடத்திலேயே இருக்கும், அதன் தலைக்கு மேலே பல்கலைக்கழகம் மாறிவிடும். 1857-ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் ஒரு காலத்தில் ஏறக்குறைய எல்லாக் கல்லூரிகளும் இருந்தன. 1966-ல் மதுரை வந்தது. 1982-ல் கோவைப் பக்கம் பாரதியார், திருச்சிப் பக்கம் பாரதிதாசன். 1990-ல் நெல்லை, தூத்துக்குடி, குமரிக் கல்லூரிகள் மதுரை காமராசரை விட்டு மனோன்மணியம் சுந்தரனாருக்குப் போயின. 1997-ல் சேலத்தில் பெரியார், 2002-ல் வேலூரில் திருவள்ளுவர். பொறியியல் கல்லூரிகளின் கதை இன்னும் சிக்கலானது. அந்தந்தப் பகுதிப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தவற்றை 2001 வாக்கில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். 2007-ல் அதையும் கோவை, திருச்சி, நெல்லை என்று பிரித்தார்கள். சில ஆண்டுகளில் மறுபடியும் ஒன்றாக்கினார்கள்.

இத்தனை மாற்றத்திலும் பழைய மாணவனின் மதிப்பெண், தேர்வு நடத்திய பல்கலைக்கழகத்தின் பேரேட்டிலேயே தங்கிவிடும். கல்லூரியோடு சேர்ந்து புது இடத்துக்குப் போகாது. பெயரைப் பார்த்துச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 4

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். தேர்வு நடத்தியது பல்கலைக்கழகம்தான் என்று எடுத்துக்கொண்டே எழுதிவிட்டேன். தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால் கணக்கு வேறு. அங்கே வினாத்தாள், திருத்தம், மதிப்பெண் பட்டியல் எல்லாம் கல்லூரியின் சொந்தத் தேர்வு அலுவலகம். பல்கலைக்கழகம் பட்டம் மட்டும் தரும். ஆகவே டிரான்ஸ்கிரிப்ட் கல்லூரியில், பட்டச் சான்றிதழ் பல்கலைக்கழகத்தில். ஒரே மனிதனுக்கு இரண்டு வாசல். கல்லூரி இன்று தன்னாட்சி பெற்றிருக்கிறதா என்பது முக்கியமில்லை. நீங்கள் சேர்ந்த ஆண்டில் பெற்றிருந்ததா என்று பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 5

பதில் வந்துவிட்டது. கல்லூரி அப்போது தன்னாட்சி பெற்றிருக்கவில்லை. மேல் வரியில் இருப்பது அவர் போய் நின்ற பல்கலைக்கழகத்தின் பெயரே இல்லை. கல்லூரி எழுத்தர் சொன்னதும் உண்மை, பல்கலைக்கழகத்து உதவியாளர் சொன்னதும் உண்மை. ஆனால் இரண்டு பேரும் பாதி உண்மையோடு நிறுத்திக்கொண்டார்கள். 'எந்தப் பல்கலைக்கழகம்' என்று ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லியிருந்தால் ஒரு நாள் விடுப்பாவது மிஞ்சியிருக்கும். இதை நான் யாரையும் விட்டுக்கொடுக்காமல் சொல்கிறேன். ஜன்னலுக்கு உள்ளே இருப்பவரின் வேலையில் இதுவும் அடக்கம்.

சரி, இனி உள்ளே என்ன நடக்கும் என்று சொல்கிறேன். தெரிந்தால் எதைக் கொண்டுபோவது என்று உங்களுக்கே புரியும்.

கணினிக்கு முந்தைய காலத்து மதிப்பெண்கள் பேரேடுகளில் இருக்கின்றன. ஒவ்வொரு பேரேடும் அரை ஆள் சுமை. முதுகில் சிவப்புத் துணி ஒட்டி, படிப்பு, மாதம், ஆண்டு, பதிவெண் எதிலிருந்து எது வரை என்று வெள்ளைத் தாளில் எழுதியிருக்கும். உள்ளே நீல மையில் மதிப்பெண், தவறியவருக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு, திருத்தம் இருந்தால் பக்கத்தில் சுருக்கொப்பம். பூச்சி உருண்டை நெடி கைக்குட்டையில் ஏறி வீடு வரைக்கும் வரும். பதிவெண்ணும் தேர்வு எழுதிய மாதமும் தெரிந்தால் அந்தப் பக்கத்தைத் திறக்க ஐந்து நிமிடம் போதும். பெயரை மட்டும் சொல்லி '98-ஆ 99-ஆ தெரியவில்லை' என்றால், அந்தத் தாள் மேசையின் அடியில்தான் போய்ச் சேரும். மனிதர்கள் கெட்டவர்கள் என்பதால் இல்லை, அதற்குள் இருபது விண்ணப்பம் எண்ணோடு வந்து நிற்கும் என்பதால்.

மதிப்பெண்ணை எடுத்து எழுதிய பிறகு இரண்டு பேர் உட்கார்ந்து ஒப்பிட வேண்டும். ஒருவர் பேரேட்டைப் பார்த்து வாய்விட்டு வாசிப்பார், மற்றவர் தாளில் டிக் போடுவார். பிறகு பிரிவு அலுவலர், பிறகு தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் கையொப்பம், முத்திரை, உறை. எல்லாத் தாளும் ஒரே மூச்சில் தேறியவருக்கு ஆறு பருவத்துக்கு ஆறு பேரேடு. அரியர் வைத்துத் தேறியவருக்கு ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு பேரேடு கூடும். ஒரு முறை ஒருவருக்காகப் பதினோரு பேரேடுகளை மேசையில் அடுக்கினோம். அவருடைய கோப்பு தாமதமானதற்கு அவர் எங்களைத் திட்டினார். அவர் திட்டியதில் தப்பில்லை, அவருக்கு அந்த அடுக்கு தெரியாது.

ஆகவே மதிப்பெண் பட்டியல்கள் எல்லாவற்றின் நகலையும், அரியர் எழுதியவை உட்பட, வரிசைப்படி இணையுங்கள். பணம் கட்டிய செலானில் எண்ணும் தேதியும் தெளிவாக இருக்கட்டும். மதிப்பீட்டு நிறுவனம் தந்த குறிப்பு எண்ணும் அவர்களுடைய படிவமும் சேரட்டும். அது இல்லாமல் போன உறை அங்கே யாருடையது என்று தெரியாமல் கிடக்கும். கடைசியாக ஒன்று. விண்ணப்பத்தைப் பிரிவில் உள்ளவர் கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் வரவு எண்ணும் வாங்குங்கள். அடுத்த முறை போகும்போது 'போன வாரம் வந்தேனே' என்று தொடங்க வேண்டாம். அந்த எண்ணைச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 9

'இவ்வளவு தெரிந்த நீங்கள் பணியில் இருந்தபோது எத்தனை பேருக்குச் சொன்னீர்கள்?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான்கு நாளாக அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

2004 மே மாதம். வெயில் ஏறிய நேரம். ஓர் அம்மா ஜன்னலில் செலானை நீட்டினார். மகனின் தற்காலிகச் சான்றிதழுக்கு. பணம் வேறு கணக்குத் தலைப்பில் கட்டப்பட்டிருந்தது, தேர்வுக் கட்டணத் தலைப்பில். 'இது செல்லாது, சரியாகக் கட்டிக்கொண்டு வாருங்கள்' என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவர் செலானை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போனார். மறுநாளும் வந்தார், அதே தலைப்பில் இன்னொரு செலானோடு. சரியான தலைப்பு எது என்று நான் சொல்லவே இல்லை, அவர் வங்கியில் கேட்டிருக்கிறார், வங்கியில் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு நாளும் மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார். மகனுக்கு நேர்முகத் தேர்வு அன்றைக்குக் காலையிலேயே முடிந்துவிட்டது என்பதை அவர் சொல்லவில்லை, அவரோடு வந்த பெண் சொன்னாள்.

அன்று மாலை எந்தச் சான்றிதழுக்கு எந்தத் தலைப்பு, எவ்வளவு, என்னென்ன இணைக்க வேண்டும் என்று ஒரு முழுத்தாளில் எழுதி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினேன். அதற்கு முன்பு பதினேழு ஆண்டு அங்கே உட்கார்ந்திருக்கிறேன். அந்தத் தாளை ஒட்ட அனுமதி எதுவும் தேவைப்படவில்லை.

பிப்ரவரி 16

இனிஷியல் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு என்றே உள்ள தொல்லை இது.

மதிப்பெண் பட்டியலில் 'K. முருகன்'. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து 'முருகன் கந்தசாமி'. வெளிநாட்டில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு இரண்டும் இரண்டு ஆட்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயரைக் காலியாக விட்டவருக்கு இருக்கும் ஒரே பெயர் அமெரிக்க விசாவில் குடும்பப் பெயராகி, முன்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'முன்பெயர் தெரியவில்லை' என்று பொருள்படும் எஃப்.என்.யு. என்ற மூன்றெழுத்து வந்து உட்கார்ந்துகொள்ளும். இனிஷியலை விரித்தவருக்கோ அப்பா பெயர் குடும்பப் பெயராகி, அங்கே எல்லோரும் அப்பா பெயரைச் சொல்லியே மகனைக் கூப்பிடுவார்கள்.

பல்கலைக்கழகத்தில் இதைச் சரிசெய்ய முடியுமா? எங்கள் பிரிவில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடிதான் திருத்துவோம். அதில் சுப்பிரமணியனின் கடைசி எழுத்து 'என்', எங்கள் பட்டியலில் 'எம்' என்றிருந்தால் அது எங்கள் பிழை, திருத்தித் தருவோம். பத்தாம் வகுப்பிலேயே இனிஷியல் மட்டும் என்றால் நாங்கள் விரித்து எழுத முடியாது. அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டாலும் பழைய சான்றிதழ்களில் எழுத்து மாறாது. அரசிதழையும் சான்றிதழையும் சேர்த்தே காட்ட வேண்டும். இனிஷியல் விரிவுக்கு மட்டும் என்றால், இரு பெயரும் ஒரே ஆளுடையவைதான் என்று நோட்டரி முன் எழுதித்தரும் உறுதிமொழிப் பத்திரம் பெரும்பாலும் போதும். வாங்கும் முன் கேட்கும் நிறுவனத்தின் விதியைப் படித்துவிடுங்கள்.

பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் தயாராகும்போது பள்ளியில் கையொப்பம் வாங்குவார்கள். அந்த ஒரு நிமிடத்தில் ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். ஆங்கிலத்தையும் தமிழையும் தனித்தனியாக.

மார்ச் 2

'டிஜிலாக்கரில் ஏற்றி வைத்திருக்கிறேன், அது போதாதா?' என்று ஒரு மாணவி.

அரசின் அந்த இணையச் சான்றிதழ்ப் பெட்டகத்தில் இரண்டு அறைகள் உண்டு அம்மா. நீயே ஸ்கேன் செய்து ஏற்றியது வெறும் நகல்தான், உன் அலமாரியில் உள்ள நகலுக்கு என்ன மதிப்போ அதே மதிப்பு. பல்கலைக்கழகமோ வாரியமோ நேரடியாக வெளியிட்டு 'வழங்கப்பட்டவை' பகுதியில் வந்தது வேறு. அது மூலச் சான்றிதழுக்குச் சமம் என்று 2017-லேயே விதி திருத்தியாகிவிட்டது. நேர்முகத்தில் யாராவது ஏற்க மறுத்தால் இந்த வேறுபாட்டைச் சொல். உன் பட்டம் அந்தப் பகுதியில் வரவில்லை என்றால், உன் ஆண்டுத் தரவைப் பல்கலைக்கழகம் இன்னும் ஏற்றவில்லை என்று பொருள். நீ தேடும்போது போட்ட பெயர் மதிப்பெண் பட்டியலில் உள்ளதோடு ஒத்துப்போகாமலும் இருக்கலாம், முதலில் அதைப் பார். பிப்ரவரி 16-ல் எழுதிய இனிஷியல் இங்கேயும் வந்து நிற்கும்.

1999-ல் முடித்தவர் இதை நம்பி உட்கார வேண்டாம். பேரேட்டுக்குத்தான் போக வேண்டும்.

மார்ச் 20

ஒரு தனியார் கல்லூரி உதவிப் பேராசிரியர் எழுதியிருக்கிறார். சேரும்போது பத்தாம் வகுப்பு முதல் முனைவர் பட்டம் வரை மூலச் சான்றிதழ்கள் அனைத்தையும் வாங்கி வைத்துக்கொண்டார்களாம். இப்போது வேறு இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது, பருவம் முடியும் வரை தர மாட்டோம் என்கிறார்களாம்.

படித்ததும் கோபம் வந்தது. மாணவர்களின் மூலச் சான்றிதழ்களைக் கல்வி நிறுவனங்கள் வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2018-ல் அறிவிக்கையாகவே போட்டது. சரிபார்த்த கையோடு திருப்பித் தர வேண்டும். மாணவனுக்குச் சொன்ன நியாயம் அவனுக்குப் பாடம் நடத்துபவருக்கு மட்டும் ஏன் பொருந்தாமல் போக வேண்டும்? சான்றிதழ் அடகுப் பொருள் இல்லை. முன்னறிவிப்புக் காலத்துக்குச் சம்பளம் பிடிக்கலாம், அது ஒப்பந்தத்தில் இருந்தால். காகிதத்தைப் பிடித்து வைக்க எந்த ஒப்பந்தமும் இடம் தரக் கூடாது.

இப்போது செய்ய வேண்டியது: இன்னின்ன சான்றிதழ், இன்ன எண், இன்ன தேதியில் கொடுத்தேன், திருப்பித் தருக என்று எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். முதல்வருக்கு ஒன்று, நிர்வாகத்துக்கு ஒன்று, இணைப்பு தந்த பல்கலைக்கழகத்தின் பதிவாளருக்கு ஒன்று. இனி சேரப்போகிறவர்களுக்கு: 'சரிபார்க்க மட்டும்' என்று கேட்டால், பட்டியல் எழுதி, திருப்பித் தரும் தேதியோடு கையொப்பம் கேளுங்கள். உண்மையாகவே சரிபார்க்க விரும்பும் கல்லூரி, பல்கலைக்கழகத்துக்கு எழுதி உண்மைத்தன்மைச் சான்று பெறும். அரசுப் பள்ளி, கல்லூரி நியமனங்களில் அப்படித்தான் நடக்கிறது. அதற்கு நகல் போதும். எங்கள் பிரிவுக்கு மாதம் தோறும் கட்டுக்கட்டாக வரும்.

மார்ச் 21

நேற்றைய குறிப்பில் ஒன்று விட்டுப்போயிற்று. உண்மைத்தன்மைச் சான்று வராததால் தகுதிகாண் பருவம் முடித்த ஆணை நின்றுபோன ஆசிரியர்கள் நிறையப் பேர். உங்கள் அலுவலகம் அனுப்பிய கடிதத்தின் எண்ணை நீங்களே குறித்து வைத்திருங்கள். பல்கலைக்கழகத்தில் கேட்கும்போது உங்கள் பெயரால் கோப்பு இருக்காது, அந்தக் கடித எண்ணால்தான் இருக்கும்.

ஏப்ரல் 11

உதவித்தொகை. 'விண்ணப்பம் ஏற்கப்பட்டது, பணம் அனுப்பப்பட்டது என்று காட்டுகிறது, என் கணக்கில் வரவில்லை, கல்லூரி எழுத்தர் எடுத்துக்கொண்டாரா?' என்று முதலாண்டு மாணவன் ஒருவன்.

இல்லை தம்பி. ஆதார் வழியாக வரும் பணம் நீ படிவத்தில் எழுதிய கணக்கு எண்ணைத் தேடிப் போவதில்லை. உன் ஆதாரோடு கடைசியாக எந்த வங்கி இணைக்கப்பட்டதோ அங்கே போகும். ஒரு ஆதாருக்கு ஒரு வங்கிதான் அந்தப் பட்டியலில் நிற்கும். பள்ளியில் படிக்கும்போது ஒரு கணக்கு தொடங்கியிருப்பாய், கல்லூரியில் சேர்ந்ததும் வளாகத்து வங்கியில் இன்னொன்று. நடுவில் கைப்பேசிச் செயலி ஒன்றில் ஒரு நிமிடத்தில் கணக்குத் தொடங்கலாம் என்று யாரோ சொல்ல, அதற்கும் ஆதார் கொடுத்திருப்பாய். பணம் அந்த மூன்றாவதில் கிடக்கும். ஆதார் இணையதளத்தில் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று பார்க்கலாம். பார்த்துவிட்டு அந்த வங்கிக்குப் போ. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய் பெறும் பிள்ளைகளும் வராத மாதத்தில் முதலில் இதையே பார்க்கட்டும்.

வருமானச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும், சாதிச் சான்று அப்படியில்லை. முதல் பட்டதாரிச் சான்று கேட்டு இ-சேவை மையத்தில் நிற்பவர்கள் அண்ணன், அக்காவின் படிப்பு விவரத்தையும் கொண்டுபோங்கள், விசாரணையில் கேட்பார்கள். கலந்தாய்வு அறிவிப்பு வந்த பிறகு ஓடாதீர்கள். ஏப்ரலில் மையம் காலியாக இருக்கும், ஜூனில் வரிசை தெருவில் நிற்கும்.

மே 6

கேள்வி கேட்ட கணிதக்காரர் திரும்பி வந்திருக்கிறார். டிரான்ஸ்கிரிப்ட் வேலை சரியான அலுவலகத்தில் நடந்துகொண்டிருக்கிறது, வரவு எண் கையில் இருக்கிறது. ஆனால் மதிப்பீட்டு நிறுவனம் பட்டச் சான்றிதழும் கேட்கிறது. அவரிடம் இருப்பது தற்காலிகச் சான்றிதழ். 'இதுதானே பட்டம், இருபத்தாறு வருடமாக இதைக் காட்டித்தானே வேலை பார்க்கிறேன்' என்கிறார்.

இப்படி எத்தனை ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். முன்பெல்லாம் பட்டம் தானாக வராது. பட்டமளிப்பு விழாவுக்கு அறிவிப்பு வரும், கட்டணம் கட்டி, நேரில் வாங்குகிறேன் அல்லது வராமல் பெறுகிறேன் என்று விண்ணப்பிக்க வேண்டும். வீட்டில் முதல்முறையாகக் கல்லூரி போனவனுக்கு இதை யார் சொல்வார்கள்? கையில் முத்திரை குத்திய தாள் ஒன்று வந்துவிட்டது, அப்பா அதைச் சாமி படத்தின் பின்னால் வைத்துவிட்டார். அவ்வளவுதான். அந்தத் தாளில் பட்டம் பெறத் தகுதியுடையவர் என்று எழுதியிருக்கும். பட்டம் பெற்றார் என்று எழுதியிருக்காது.

மாணவர் தேர்ச்சி பெற வேண்டிய நாளிலிருந்து 180 நாளுக்குள் பட்டம் வழங்க வேண்டும் என்று யுஜிசியின் 2008 விதிமுறை சொல்கிறது. இன்றைய மாணவர்கள் இந்த எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளலாம். நம்மவருக்கு வழி இருக்கிறது. அதே பல்கலைக்கழகத்தில், காலதாமதக் கட்டணத்தோடு, இப்போதும் விண்ணப்பிக்கலாம். தற்காலிகச் சான்றிதழை மூலமாகவே கேட்கக்கூடும், கொடுக்கும் முன் இரண்டு பக்கமும் நகல் எடுத்து வையுங்கள்.

மே 7

இன்னொன்று: விலாச வரியில் இன்னும் ஐந்து ஆண்டு மாறாத முகவரியை எழுதுங்கள். வாடகை வீடு வேண்டாம்.

ஜூன் 14

தகவல் உரிமைச் சட்டம் பற்றி எனக்கும் இன்னொருவருக்கும் வாக்குவாதம். எடுத்த எடுப்பில் மனு போடாதீர்கள் என்று நான் சொன்னேன். மனு வந்தால் பிரிவு முழுக்கப் பதில் எழுதுவதில் இறங்கும், உங்கள் வேலை நிற்கும், எழுதும் பதிலும் தற்காப்பாகவே இருக்கும். இது நான் உள்ளே இருந்து பார்த்தது. அவரோ, எட்டு மாதம் நடந்து நடக்காதது ஒரு மனுவில் பன்னிரண்டு நாளில் நடந்தது என்கிறார்.

ஒரு வாரம் யோசித்தேன். அவர் பக்கம்தான் நியாயம் அதிகம். எட்டு மாதம் நடக்க வைத்த பிறகு பிரிவின் மனநிலையை அவர் ஏன் சுமக்க வேண்டும்? நான் சொன்னதை இப்படி மாற்றிக்கொள்கிறேன்: முப்பது நாள் பொறுங்கள், வரவு எண்ணோடு ஒரு நினைவூட்டு அனுப்புங்கள், அதற்கும் பதில் இல்லை என்றால் தயங்காமல் போடுங்கள். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம்.

ஆனால் கேட்கும் விதம் முக்கியம். 'ஏன் தாமதம்?' என்று கேட்காதீர்கள், அது விளக்கம், தகவல் இல்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். இன்ன வரவு எண்ணுள்ள விண்ணப்பம் எந்தத் தேதியில் எந்தப் பிரிவுக்குப் போனது, இன்று யாரிடம் இருக்கிறது, ஒவ்வொரு மேசையிலும் எத்தனை நாள் இருந்தது, கோப்புக் குறிப்பின் நகல் தருக என்று கேளுங்கள். கோப்பு எங்கே தூங்கியது என்று எழுத்தில் சொல்ல வேண்டி வரும்போது எழுப்பிவிடுவார்கள். திருத்திய விடைத்தாளைக்கூட இந்தச் சட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம், 2011-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது.

இப்போது படிப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 2023 ஏப்ரலில் வந்த யுஜிசி விதிமுறைப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்க் குழு இருக்க வேண்டும். பதினைந்து வேலை நாளில் அது அறிக்கை தர வேண்டும். நிறைவில்லை என்றால் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு, அவருக்கு முப்பது நாள். சான்றிதழைத் தர மறுப்பதும் அந்த விதியில் குறையாகவே சொல்லப்பட்டிருக்கிறது.

ஜூலை 8

வேறு விஷயம். என் அண்ணன் பேத்தி ஆய்வு மாணவி. ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு மூவாயிரம் ரூபாய் கட்டப் போகிறேன் என்றாள். கட்டாதே என்று சொல்லி, அவளைப் பல்கலைக்கழக நூலகரிடம் அனுப்பினேன். 2025 ஜனவரி 1 முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' நடைமுறையில் இருக்கிறது. முப்பது பதிப்பகங்களின் பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஆய்விதழ்கள், ஆறாயிரத்து முந்நூறு போல அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு. மூன்று ஆண்டுக்கு ஆறாயிரம் கோடி ரூபாயை மத்திய அரசு ஒதுக்கியிருக்கிறது. அவள் கேட்ட இதழ் அதில் இருந்தது. விடுதி அறையில் இருந்தே படிக்க நூலகர் ஒரு கணக்குத் தொடங்கிக் கொடுத்தார்.

ஆறு மாதமாக அந்தத் துறையில் ஒருவருக்கும் தெரியவில்லை. நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் தாள் இருந்ததாம், போன மாதத்து விடுமுறைச் சுற்றறிக்கைக்கு அடியில். நூலகர்களைத் தேடிப் போய்ப் பேசுங்கள். கேட்க ஆள் வந்ததே என்று மகிழ்ந்து போவார்கள்.

ஆகஸ்ட் 19

கணிதக்காரரிடமிருந்து செய்தி. டிரான்ஸ்கிரிப்ட் உறை நேராகக் கனடா போய்ச் சேர்ந்து, மதிப்பீட்டு அறிக்கையும் வந்துவிட்டது. அறிக்கைக்கு ஐந்து ஆண்டு ஆயுள், அதற்குள் மற்ற வேலையை முடியுங்கள். கைக்குத் தந்த இன்னோர் உறையைப் பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்கிறார். கூடாது. ஒட்டிய இடத்தில் முத்திரை உடையாமல் இருந்தால்தான் இன்னோர் இடத்துக்குப் பயன்படும்.

பட்டச் சான்றிதழ் ஊர் முகவரிக்கு வந்ததாம். அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார். குழாயிலிருந்து உருவி, சுருளை நிமிர்த்தி, நான்கு முனையிலும் அரிசிப்படி, டம்ளர், சாவிக்கொத்து, பாக்குவெட்டி வைத்து ஒரு பகல் முழுக்கக் கூடத்தில் விரித்து வைத்திருந்தாராம். இப்போது லேமினேட் செய்து மாட்ட வேண்டும் என்கிறாராம்.

லேமினேட் மட்டும் வேண்டாம். நாளைக்குச் சான்றொப்பம் என்று போனால் பின்பக்கம் முத்திரை குத்த இடம் வேண்டும், பிளாஸ்டிக்கில் குத்த மாட்டார்கள். பிரிக்கப் பார்த்தால் கையொப்பமும் சேர்ந்து வந்துவிடும். நல்ல தாளில் வண்ண நகல் எடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு அம்மாவிடம் கொடுங்கள். எந்தச் சுவரில் என்பதை அவரே சொல்லட்டும்.